துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் கேமரா

தொலைக்காட்சியில் வருகிற துப்பாக்கி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் நண்பர்கள் பலருக்கும் கேட்கத் தோன்றுவது ஒரே கேள்விதான்: அதெல்லாம் எவ்வளவு நிஜம்? சுட்டவனின் தோள் பின்னுக்குப் போனதா, காலித் தோட்டா எந்தப் பக்கம் தெறித்தது, இருபது தோட்டா கொள்ளும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படி முப்பது முறை சுட்டான். நடப்பியல் என்கிற பெரிய சமாச்சாரத்தை இப்படிக் கணக்கப்பிள்ளை வேலையாகச் சுருக்கிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. கணக்கு சரியாக வந்துவிட்டால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. நான் கேட்க நினைப்பது வேறு. துப்பாக்கியும் கேமராவும் ஒரே இடத்தில் இருக்கும்போது கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது? சுடுகிறவன் முதுகுக்குப் பின்னாலா, சுடப்படுகிறவன் பக்கத்திலா? ‘ரியாலிட்டி’ என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் பிரதிகளை இந்த ஒரு கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு இது ரசனை பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகைமையின் பிறந்த வீடு அமெரிக்கா. ஹிஸ்டரி சேனலில் 2010 ஜூனில் தொடங்கி 2013 வரை ஐந்து பருவங்கள் ஓடிய ‘டாப் ஷாட்’ என்ற நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் பதினாறு போட்டியாளர்கள், கடைசியில் மிஞ்சுபவருக்கு ஒரு லட்சம் டாலர். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக எடுக்கப்பட்ட நிகழ்ச்சி. இசைப் போட்டியில் நடுவர் அழலாம், சமையல் போட்டியில் உப்பு சரியாக இருந்தது என்று பொய் சொல்லலாம். இங்கே குறி விழுந்தால் விழுந்தது, விழாவிட்டால் இல்லை. பழைய ராணுவத் துப்பாக்கிகள், கைத்துப்பாக்கி, வில் என்று எல்லாவற்றையும் கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள். மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது, விசையை இழுக்காமல் எப்படி அழுத்துவது என்பதெல்லாம் கைத்தொழில் நுட்பங்களாகவே விளக்கப்படுகின்றன. கொல்லன் பட்டறையில் நிற்பதுபோல நின்று பார்க்கத் தோன்றும். அதிவேகக் கேமராவில் தோட்டா மிதந்து போய்க் கண்ணாடியை உடைக்கும்போது அது ஒரு அழகான காட்சிதான். இதை மறுத்துவிட்டு விமர்சனம் எழுதுவது எளிது. ஆனால் மக்கள் ஏன் பார்க்கிறார்கள் என்பது அப்போது புரியாது.

அந்த நிகழ்ச்சியில் ஒரு சடங்கு உண்டு. தோற்ற அணி, தன் ஆட்களில் யாரை வெளியேற்றுப் போட்டிக்கு அனுப்புவது என்று வாக்களிக்க வேண்டும். வாக்குச்சீட்டு கிடையாது. அணியினரின் பெயர்கள் எழுதிய குறிகள் வரிசையாக நிற்கும். யாரை அனுப்ப வேண்டுமோ அவர் பெயர் உள்ள குறியைச் சுட வேண்டும். கூடத் தங்கி, கூடச் சாப்பிட்ட ஒருவரின் பெயர் மீது சுடுகிறார்கள். சுட்டுவிட்டுச் சங்கடமாகச் சிரிக்கிறார்கள். முழு நிகழ்ச்சியிலும் குறிக்கு ஒரு மனிதப் பெயர் இருப்பது இந்த இடத்தில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் குறி என்பது தட்டு, பாட்டில், கயிறு. துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த விஷயம் இந்த ஒரு விளையாட்டுச் சடங்கில் கசிந்து வெளியே வந்துவிடுகிறது. தயாரிப்பாளர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ என்னவோ, பிரதி தன்னையே காட்டிக்கொடுக்கிற இடம் இது.

டிஸ்கவரியில் 2011 முதல் 2014 வரை வந்த ‘சன்ஸ் ஆஃப் கன்ஸ்’ இதைவிடத் தரம் குறைந்தது. லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் ஊரில் ஒரு துப்பாக்கிப் பட்டறை, அங்கே அப்பா, மகள், வேலையாட்கள். வாடிக்கையாளர் வருவார், நாலு நாளில் வேணும் என்பார், அப்பா கத்துவார், மகள் முறைப்பாள், கடைசியில் எல்லாரும் வெளியே போய்ச் செய்ததைச் சுட்டுப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். நம் ஊர்க் கூட்டுக்குடும்ப சீரியலில் சமையலறைக்குப் பதிலாகக் கடைசல் இயந்திரத்தை வைத்தால் எப்படியோ அப்படி. நாயகன் கைதானதும் 2014 ஆகஸ்டில் சேனல் தொடரை நிறுத்தியது. ஆனால் அந்நிகழ்ச்சியின் உண்மையான பொருள் குடும்பம் அல்ல, பண்டம். அங்கே பார்வையாளர் கடைக்குப் போய் அந்தச் சாமானையோ அதைப் போன்ற ஒன்றையோ வாங்க முடியும்.

நமக்கு அது முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டுச் சுட்டதோடு பெரும்பாலோரின் துப்பாக்கி அனுபவம் முடிந்துபோகிறது. அதன்பின் துப்பாக்கி என்றால் அது போலீஸ்காரர் கையில் இருப்பது, வங்கி வாசலில் காவலாளி கையில் இருப்பது, அல்லது சினிமாவில் இருப்பது. அமெரிக்க நிகழ்ச்சி துப்பாக்கியை விற்கிறது என்றால், நமக்கு விற்கப்படுவது அதைப் பிடித்திருக்கும் ஆள். ‘காக்க காக்க’ (2003) தொடங்கி என்கவுன்ட்டர் படங்கள் எல்லாம் இந்த ஆளைத்தான் விற்றன. ‘சிங்கம் 2’ (2013) எங்கள் ஊர்த் துறைமுகத்தையே பின்னணியாக வைத்து விற்றது. அதில் நாயகன் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. அதிகாரியாக வேடம் போட்டிருப்பார். போலீஸ் ஒருவர் வாத்தியாராக நடிப்பதை நாம் கைதட்டிப் பார்த்தோம்.

ஆக, நமக்கு நெருக்கமான ‘ரியாலிட்டி’ போட்டி நிகழ்ச்சி அல்ல. போலீஸ் கூடவே போகும் நிகழ்ச்சி. அதற்கும் மூதாதை அமெரிக்காவில்தான் இருக்கிறது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 மார்ச்சில் தொடங்கிய ‘காப்ஸ்’. வர்ணனையாளர் இல்லை, ஸ்டுடியோ இல்லை; கேமரா போலீஸ் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து போகிறது. ‘உள்ளதை உள்ளபடி’ என்ற பெயர் அதற்குக் கிடைத்தது இப்படித்தான். கூட்டிப்போன காவல்துறை, ஒளிபரப்புக்கு முன்பே பதிவைப் பார்த்து வேண்டாததை நீக்கச் சொல்ல முடியும் என்பது திரையில் தெரியாது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு 2020 ஜூனில் அப்போது ஒளிபரப்பிக்கொண்டிருந்த சேனல் அதைக் கைவிட்டது. மறு வருடமே வேறொரு தளத்தில் திரும்பி வந்துவிட்டது. அதே மாதம் ‘லைவ் பி.டி.’ என்ற இன்னொரு நிகழ்ச்சியும் நின்றது. டெக்சாஸில் 2019 மார்ச்சில் ஒரு கறுப்பின மனிதர் போலீஸ் பிடியில் இறந்துபோனதை அந்நிகழ்ச்சியின் கேமராக்கள் பதிவு செய்திருந்தன. அது ஒளிபரப்பாகவில்லை, பதிவு அழிக்கப்பட்டிருந்தது. நிஜத்தைக் காட்டுவதாகத் தொழில் செய்தவர்களின் கையில் நிஜம் ஒருமுறை வந்து சேர்ந்தபோது நடந்தது இது.

‘காப்ஸ்’ நிகழ்ச்சியிலேயே இன்னொன்று. 2014 ஆகஸ்ட் 26 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஒரு உணவு விடுதியில் கொள்ளை. போலீஸ் உள்ளே போகிறது, பின்னாலேயே படக்குழு. போலீஸ் சரமாரியாகச் சுட்டதில் கொள்ளையரோடு சேர்த்து நிகழ்ச்சியின் ஒலிப்பதிவாளர் பிரைஸ் டியோனும் செத்துப்போனார். அவரைக் கொன்றது போலீஸ் தோட்டா. கொள்ளையர் கையில் இருந்தது சிறு உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. இருபத்தைந்து வருடம் போலீசின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்ற ஒலிவாங்கி அன்றைக்கு ஒரு கணம் முன்பக்கம் இருந்துவிட்டது. இந்த நிகழ்ச்சி பற்றி எழுதப்பட்ட எந்தக் கோட்பாட்டையும்விட இந்த ஒரு சம்பவம் எனக்கு அதிகம் சொல்கிறது.

தமிழில் ‘குற்றம் நடந்தது என்ன’, ‘நிஜம்’ போன்றவை இந்த வழியில் வந்தவைதான், கையில் காசு குறைவு. நடந்ததைப் படம் பிடிக்கவில்லை, துணை நடிகர்களை வைத்து மறுபடி நடத்திக் காட்டினார்கள். முகத்தில் மங்கல் பூச்சு, மிரட்டும் குரல், அடிக்கொருதரம் இடி. இவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

2023இல் வந்த இரண்டு வீரப்பன் தொடர்கள் அப்படித் தள்ளிவிடக்கூடியவை அல்ல. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் செல்வமணி செல்வராஜின் ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’. டிசம்பரில் ஜீ5இல் ‘கூச முனிசாமி வீரப்பன்’. முதலாவது பேரிலேயே வேட்டை இருக்கிறது. அதில் முத்துலட்சுமி பேசுகிறார், மலைக்கிராமத்தார் பேசுகிறார்கள் என்றாலும் கதையை இழுத்துப்போகிற கயிறு வேட்டைக்காரர்கள் கையில். இரண்டாவது, தொண்ணூறுகளில் நக்கீரன் காட்டுக்குள் போய் எடுத்த ஒளிநாடாக்களை அடித்தளமாகக் கொண்டது. அங்கே துப்பாக்கி வைத்திருப்பவனே கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். எழுந்து நின்று, குனிந்து, பதுங்கி, எதிராளியின் குரலையும் தானே பேசி நடித்துக் காட்டுகிறான். தெருக்கூத்துக்காரனின் லாகவம். தொடர் அந்த நடிப்பில் கொஞ்சம் மயங்கியும் போகிறது. ஆனாலும் இரண்டில் எனக்கு இதுதான் மேல். காரணம் வீரப்பன் அல்ல. அதிரடிப்படையின் சித்திரவதை முகாமான ‘ஒர்க் ஷாப்’பில் அடிபட்டவர்களுக்கு அது கொடுக்கும் நேரம். மின்சாரம் பாய்ச்சப்பட்ட உடல் இருபத்தைந்து முப்பது வருடம் கழித்து உட்கார்ந்து பேசும்போது எந்தப் பின்னணி இசையும் அதைத் தாங்குவதில்லை. அங்கே முதன்முறையாகக் கேமரா குழலின் எதிர்ப்பக்கத்துக்கு வந்து உட்கார்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

2018 பிப்ரவரி 12 அன்று அ. குமரெட்டியபுரத்தில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. திரேஸ்புரத்திலும் சுட்டது, மறுநாள் அண்ணாநகரிலும் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். மில்லர்புரத்தில் இருக்கும் எங்களுக்கு ஆட்சியர் அலுவலகம் அதே பாளையங்கோட்டை சாலையில்தான். ஆனால் எங்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்தது டி.வி.யில். ‘வெளியே தலை நீட்டாதல, என்ன ஏதுன்னு டி.வி.யப் பாரு’ என்பதுதான் வீட்டுக்கு வீடு கேட்ட குரல். சாலையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். மே 23 முதல் ஐந்து நாளைக்குத் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. போன்களில் இருந்த காட்சிகள் போன்களிலேயே கிடந்தன. தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்த காட்சி ஒன்று. மஞ்சள் டி-சர்ட் போட்ட, சீருடை இல்லாத ஒரு போலீஸ்காரர் வேன் கூரையில் ஏறித் தவழ்ந்து நகர்ந்து துப்பாக்கியால் குறி பார்க்கிறார். கூட்டத்தில் ஒருத்தனாவது சாகணும் என்கிற பொருளில் ஒரு குரல் கேட்கிறது. அவ்வளவுதான், சில நொடிகள். இந்த நாட்டில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான துப்பாக்கி ‘ரியாலிட்டி’ காட்சி இது என்று சொன்னால் கூசுகிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்ல? இதை வாசித்துப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது? வேனுக்கு இந்தப் பக்கம், சுடுகிறவருக்குப் பின்னால். ‘டாப் ஷாட்’ கேமரா நிற்கும் அதே இடம். குறி பார்ப்பவரின் உடல் முழுசாகத் தெரிகிறது, குறி தெரியவில்லை. கல் வரும் திசைக்கு எதிரே போலீஸ் வரிசை, அதன் பின்னால் நின்றால்தான் கேமராவுக்குப் பாதுகாப்பு. ஒளிபரப்பு வண்டியும் அங்கேதான் நிற்க முடியும். எந்தச் செய்தியாளர் மீதும் இதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கேமரா அங்கே இல்லாவிட்டால் அந்த மஞ்சள் சட்டையும் நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பாதுகாப்பான இடம் என்பதே ஒரு பார்வைக்கோணம். யாருக்குப் பாதுகாப்பு, யாரிடமிருந்து என்பது காட்சி பிடிக்கப்படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

சேனல்கள் பிறகு செய்தது இன்னும் ஒரு படி. காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மஞ்சள் சட்டைக்கு வட்டம் போட்டு, கீழே தடதடவென்று இசை சேர்த்தார்கள். அப்போது அது சாட்சியமாக இல்லாமல் என்கவுன்ட்டர் படத்தின் டிரெய்லராக மாறத் தொடங்கியது. ‘யாருல அவன், சினிமால வாராப்புல இருக்கான்’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதில் கண்டனமும் இருந்தது, கொஞ்சம் வியப்பும் இருந்தது. அந்த வியப்பை அவர் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. இருபது வருடமாக அந்தக் கோணத்தில் பார்க்கப் பழக்கப்பட்ட கண் அது.

கணக்கப்பிள்ளைகளை இப்போது கூப்பிடலாம், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. அங்கே எஸ்.எல்.ஆர். பயன்பட்டது, 7.62 மில்லிமீட்டர் தோட்டா. போர்க்களத்தில் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் எதிரியை வீழ்த்துவதற்காகச் செய்யப்பட்ட ராணுவத் துப்பாக்கி. தோட்டா நொடிக்கு எண்ணூறு மீட்டருக்கு மேல் போகும். சினிமாவில் சுடப்பட்டவன் பத்தடி பின்னால் பறந்து விழுகிறானே, அது பொய். ஒன்பதரை கிராம் தோட்டா அறுபது கிலோ உடலை அப்படித் தள்ளாது. கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினைந்து சென்டிமீட்டர்கூட வராது. அது தள்ளுவதில்லை, துளைத்துக்கொண்டு போகிறது. சுடப்பட்டவர் நின்ற இடத்தில் மடிந்து விழுகிறார். போன் காட்சிகளில் சத்தமும் சினிமாச் சத்தம் அல்ல. எங்கேயோ சீனிவெடி போட்டதுபோல மெலிந்து கேட்கிறது. இந்த விவரங்கள் தெரிந்தால் ஒன்று புரியும்: ஒரு கூட்டத்தைக் கலைப்பதற்கு இந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்த உடனே எதைத் தேர்ந்துவிட்டார்கள் என்பது. ‘டாப் ஷாட்’ சொல்லிக்கொடுக்கும் அறிவு இங்கே நமக்குப் பயன்படுகிறது, அந்நிகழ்ச்சி நினைத்திராத திசையில்.

மொழியிலும் கேமரா இப்படித்தான் நிற்கிறது. தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு தலைப்புச் செய்தியைக் கொஞ்சம் நோண்ட அனுமதிக்க வேண்டும். ‘துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி’. வாக்கியத்தில் சுட்டவர் எங்கே? ‘சூடு’ என்பது தொழிலைப் பெயராக்கி, செய்தவரை உதறிவிட்ட சொல். வெயிலில் மயங்கி விழுவதுபோல, சூட்டில் விழுந்துவிட்டார்கள். ‘பலி’ அதைவிட மோசம். அது கோயில் சொல், படையல் சொல். பலி என்றால் கொடுப்பவர் ஒருவர், கொள்ளும் தெய்வம் ஒன்று வேண்டும். செம்பு உருக்கும் உலையா இங்கே தெய்வம்? செய்தி எழுதியவர் யோசித்து எழுதவில்லை, அச்சில் வார்த்ததுபோல வருகிறது. அதனால்தான் இது முக்கியம். ‘போலீஸ் சுட்டு 13 பேரைக் கொன்றது’ என்று எழுத நம் இதழ்கள் பலவற்றுக்கும் கை வரவில்லை. எழுவாய் வந்துவிட்டால் கேள்வியும் கூடவே வரும்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் பூத்ரியாரை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். 1991இல் வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்று எழுதினாரே, எல்லாம் பிம்பம், பிம்பத்துக்குப் பின்னால் பிம்பம் என்று. சிறுபத்திரிகைகளில் ஒரு காலம் இதைக் கொண்டாடினோம். தூத்துக்குடியில் நின்று பார்த்தால் அந்த வாதம் காலைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. இங்கே பிம்பம் யதார்த்தத்தை விழுங்கிவிடவில்லை. யதார்த்தம் அரசு மருத்துவமனைச் சவக்கிடங்கில் இருந்தது. அதே போரைப் பற்றி யோசித்த ஹாருன் ஃபரோக்கி எனக்கு இன்னும் உதவுகிறார். ஏவுகணையின் மூக்கில் பொருத்திய கேமரா இலக்கை நெருங்கிப் போய், மோதும் கணத்தில் இருண்டுவிடும். அந்தப் படத்தில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். அதாவது படம் பொய் அல்ல. ஒரு வேலைக்காக எடுக்கப்பட்ட படம், வேலை முடிந்ததும் அதுவும் முடிந்துபோகிறது. வேன் கூரைக் காட்சி முடிகிற இடத்தில் வேறு எவராவது தொடங்கியாக வேண்டியிருந்தது.

தொடங்கியது யார் என்றால், உடற்கூறு அறிக்கை எழுதிய மருத்துவர்களும் சாட்சி சொன்ன மக்களும். இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ தோட்டா பாய்ந்திருந்தது, அவர்களில் பாதிப்பேருக்குப் பின்னாலிருந்து என்று அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் அந்த ஆண்டு டிசம்பரில் எழுதியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது; அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டார்கள், ஆட்சியர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டார்கள், அப்படிச் சுடும்படியான தூண்டுதல் எதுவும் இல்லை என்றது அது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதையும் குறித்தது. 17 போலீசார் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

அந்த அறிக்கையை நான் ஒரு எதிர்ப்பிரதியாக வாசிக்கிறேன். இலக்கிய நயம் ஒன்றும் கிடையாது, அரசு ஆணையத்தின் வறண்ட நடை. ஆனால் தோட்டா நுழைந்த இடம், வெளியேறிய இடம் என்று காயத்தை எழுதும்போது அது கேமராவைத் திருப்பி வைக்கிறது. காயத்திலிருந்து கோடு இழுத்துக்கொண்டே போனால் சுட்டவர் நின்ற இடம் வந்துவிடும். பூங்கா வந்துவிடும், மறைவிடம் வந்துவிடும். சுடுபவரிலிருந்து குறிக்குப் போவது அந்த நிகழ்ச்சிகளின் இலக்கணம். சுடப்பட்டவரிலிருந்து சுட்டவருக்குப் போவது இதன் இலக்கணம். எழுவாயைத் தேடி வாக்கியத்தைப் பின்னாலிருந்து வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அறிக்கையில் தொலைக்காட்சி விமர்சகர்கள் தவறவிடக்கூடாத பகுதி ஒன்று இருக்கிறது. துப்பாக்கிச் சூடு பற்றி மற்ற எல்லாரையும் போலத் தானும் டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொல்லியிருந்தார். அது உண்மைக்கு மாறானது, தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுப்பிரிவுத் தலைவரும் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றது ஆணையம். யோசித்துப் பாருங்கள்: காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர், மில்லர்புரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் பக்கத்தில் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நானும் உங்களைப் போல ஒரு பார்வையாளன்தான் என்கிறார். துப்பாக்கியின் பின்னால் நின்ற அதிகாரம் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருப்பதாகத் தன்னைக் கட்டமைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காது.

ரஜினிகாந்தைப் பற்றியும் ஒரு வரி. 2018 மே 30 அன்று தூத்துக்குடிக்கு வந்தவர், சமூக விரோதிகள் ஊடுருவியதுதான் காரணம் என்றார். 2024இல் ‘வேட்டையன்’ படத்தில் அவரே, நிரபராதி ஒருவனை என்கவுன்ட்டரில் சுட்டுவிட்டு மனம் வருந்தும் போலீஸ் அதிகாரியாக வந்தார். படம் பரவாயில்லை. மனம் வருந்துவதற்கு அங்கே கதாபாத்திரத்துக்கு முழுசாக இரண்டாம் பாதி கிடைத்தது.

மே 23 அண்ணாநகர்க் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 22 வயது இளைஞர் சுடப்பட்டுத் தரையில் கிடக்கிறார். சுற்றிலும் போலீஸ் கால்கள், லத்திகள். நடிக்காதே, எழுந்து போ என்கிற பொருளில் ஒரு காவலர் சொல்வது கேட்கிறது. அவர் எழவில்லை, அன்றே இறந்துபோனார். இதுவரை பேசிய எல்லா நிகழ்ச்சிகளிலும் நடிப்பு உண்டு. பட்டறை அப்பா கோபமாக நடிக்கிறார், வீரப்பன் எல்லாருடைய வேஷத்தையும் நடிக்கிறான், முதலமைச்சர் பார்வையாளராக நடிக்கிறார். நடிக்கிறாய் என்று குற்றம் சாட்டப்படுகிற ஒரே ஆள் தோட்டா வாங்கியவர். அந்தக் காவலர் வேண்டுமென்றே கொடூரமாகப் பேசினார் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் சின்னதாகிவிடும். அவரும் நம்மோடு உட்கார்ந்து அதே படங்களைப் பார்த்தவர். சுடப்பட்ட உடல் பறந்து விழும், ரத்தம் பீறிடும், வசனம் பேசும் என்று கற்றுக்கொண்டவர். பேசாமல் மடிந்து கிடக்கிற ஓர் உடல் அவருக்கு நம்பும்படியாக இல்லாமல் போயிருக்கலாம்.

இந்தக் காட்சிகளில் நாடு பார்த்தவை ஒன்றிரண்டுதான். மற்றவை திரேஸ்புரத்திலும் மடத்தூரிலும் எங்கள் மில்லர்புரத்திலும் பழைய போன்களில், மெமரி கார்டுகளில் கிடக்கின்றன. எடுத்தவர்கள் பலர் அதன்பின் மூன்று போன் மாற்றிவிட்டார்கள். யாராவது உட்கார்ந்து அவற்றை வாங்கி, எடுத்த நாள், நேரம், முக்கியமாக எடுத்தவர் எங்கே நின்றார், அவருக்கு எதிரே யார் நின்றார்கள் என்பதை ஒவ்வொன்றின் கீழும் எழுதிவைக்க வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். கொடுக்கச் சிலர் பயப்படுவார்கள், பெயரை விட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம். இந்த இதழின் வாசகர்களில் கேமரா, கணினி தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை. மெமரி கார்டுகள் கெட்டுப்போவதற்கு முன்னால் செய்தால் நல்லது.